பெட்டிகள் மட்டும் இறங்கும் துறைமுகம்

கிரேன்காரம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது முடிந்த மறுநாள், அவளுடைய ஒரே மகன் ஒரு கப்பல் டிக்கெட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். பெற்ற தாயைச் சொகுசுக் கப்பலில் ஏற்றி அனுப்புகிற மகன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் ஒரு வாரம் அதே பேச்சு. அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேர், டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று அவனை ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டும் போனார்கள்.

முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள் அவள். நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கூண்டு, அதில் ஒரு நாற்காலி, காலுக்கு அடியில் கண்ணாடி. அங்கே உட்கார்ந்தபடி எத்தனையோ கப்பல்களின் வயிற்றுக்குள் கைவிட்டுச் சரக்கை அள்ளிப் போட்டிருக்கிறாள். ஆனால் ஒரு கப்பலில்கூடக் காலை வைத்ததில்லை. மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகனுக்குக் கல்யாணமாகி அவன் தனிக்குடித்தனம் போன பிறகு, மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள். லிஃப்ட் கிடையாது. ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குவாள்.

"ஒரு நாள் படியில விழுந்துட்டா என்னம்மா பண்ணுவ?" என்று மகன் வாரம் தவறாமல் கேட்பான்.

"எழுந்திருப்பேன்" என்பாள்.

இந்தப் பதில் அவனுக்குத் திருப்தியாக இல்லை. அதனால்தான் டிக்கெட். சுறுசுறுப்பான மூத்தோர் தனியாக, தம் விருப்பம்போல் மேற்கொள்ளும் பன்னிரண்டு நாள் கடல் உலா என்று அட்டையில் போட்டிருந்தது. படத்தில் நரைத்த தலைகள் பத்துப் பதினைந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தன. அத்தனை பேருக்கும் ஒரே மாதிரிப் பல்வரிசை. விண்ணப்பத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். படி ஏறும்போது பாட்டுப் பாட முடியுமா என்பதுகூட ஒரு கேள்வி. முடியும் என்று மகனே எழுதிவிட்டான். அவள் பாடி அவன் கேட்டதே இல்லை.

கப்பலில் ஏறும் பாலத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைச் சீருடை போட்டவர்கள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். யாரோ பெரிய மனிதர் பின்னால் வருகிறார் போலிருக்கிறது என்று ஒதுங்கி வழிவிட்டாள். ஒதுங்கியதற்கும் கைதட்டினார்கள். தன் பெயரைச் சரியாகச் சொன்னபோது ஒரு கைதட்டல், அறுநூற்றுப் பதினான்காம் எண் அறையைத் தானே கண்டுபிடித்தபோது ஒரு கைதட்டல். பல் தேய்த்து முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் அறை வாசலில் ஒருத்தன் நின்று கைதட்டினான். கதவைச் சாத்திக்கொண்டுதானே பல் தேய்த்தோம் என்று யோசித்தாள். அந்த யோசனையை மேலே கொண்டுபோக அவளுக்குப் பிடிக்கவில்லை.

மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டினார்கள். நடந்தால் பச்சை, உட்கார்ந்தால் மஞ்சள், அதற்கும் கீழே போனால் சாம்பல். கழற்ற வேண்டுமானால் எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும். பட்டை கட்டிய கையால் எழுதிய மனு செல்லாது.

அன்று மாலை உற்சாக அதிகாரி வரவேற்புரை நிகழ்த்தினார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். பேசும்போதும் சிரிப்பு, பேசாதபோதும் சிரிப்பு. தூங்கும்போது அதைக் கழற்றி வைப்பாரோ என்னவோ.

"இந்தக் கப்பல்ல வயசானவங்க யாருமே கிடையாது" என்றார் அவர். "யாருக்காவது வயசாகுதுன்னு தோணினா உடனே எங்ககிட்ட சொல்லணும். அவங்கள நாங்க கீழ, அமைதித் தளத்துக்கு மாத்திடுவோம். அதனாலதான் தைரியமா சொல்றேன், இங்க வயசானவங்க யாருமே கிடையாது!"

கைதட்டல். பயணிகளும் தட்டினார்கள்.

"இன்னொரு விஷயம். நீங்க எல்லாரும் தனியாப் பயணம் பண்றதுக்குன்னு பணம் கட்டியிருக்கீங்க. அந்தத் தனிமையக் காப்பாத்தித் தர்றது எங்க பொறுப்பு. ஒருத்தரோட அஞ்சு நிமிஷத்துக்கு மேல பேசினா அதுக்குப் பேர் துணை. துணையோட போகணும்னா நீங்க வேற கம்பெனிக்குப் போயிருக்கணும். அதனால அஞ்சாவது நிமிஷம் மணி அடிக்கும். யாரும் தப்பா எடுத்துக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான்."

சாப்பாட்டுக் கூடத்தில் முந்நூறு மேசைகள், மேசைக்கு ஒரு நாற்காலி. பரீட்சை எழுதுகிற மாதிரி எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார வேண்டும். எதிர்ச் சுவர் முழுக்க ஒரு பெரிய கடல் படம். நிஜக் கடல் முதுகுப் பக்கத்து ஜன்னலில் இருந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்து மேசைக்காரரின் தனிமை கெடும் என்பதால் திரும்பக் கூடாது.

அவளுக்குப் பக்கத்து மேசையில் ஒரு கடிகார ரிப்பேர்க்காரர். எழுபத்து மூன்று வயது, ஒல்லியான ஆள். சூப்பைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல் பேசக் கற்று வைத்திருந்தார்.

"நாலு நிமிஷம் அம்பது செகண்டுல நிறுத்திடுவேன். மிச்சத்த நாளைக்குப் பேசிக்கலாம். கவலப்படாதீங்க, என் கணக்கு தப்பாது" என்றார்.

"நீங்களும் இன்னைக்குத்தான் ஏறினீங்களா?"

"பன்னெண்டு நாளுக்குன்னு ஏறினேன்."

"நானும் பன்னெண்டு நாள்தான்."

"எனக்கு இது ஒம்பதாவது பன்னெண்டு நாளுங்க" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார். பத்து விநாடி கழித்து மணி அடித்தது.

அன்று இரவு அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலைச் சாப்பாட்டில் முதல் வேலையாக அதைத்தான் கேட்டாள்.

"எறங்கறதுக்கு முந்தின நாள் ஒரு பேட்டி வெப்பாங்க" என்றார் கடிகாரக்காரர். "'வீட்டுக்குப் போகணுமா'ன்னு கேப்பாங்க. மொதத் தடவ 'ஆமா'ன்னேன். இவ்வளவு நல்ல கப்பல விட்டுட்டுப் போகணும்னு சொல்றாரு, புத்தி தடுமாறுது, கவனிப்புத் தேவைன்னு எழுதி நிறுத்திட்டாங்க. ரெண்டாவது தடவ நான் பெரிய புத்திசாலியாட்டம் 'வேண்டாம்'னேன். பயணியே விருப்பம் தெரிவிச்சாருன்னு நீட்டிச்சுட்டாங்க. மூணாவது தடவ வாயே தொறக்கல."

"அப்புறம்?"

"பேச்சு நின்னு போச்சுன்னு ஒரு வாரம் படுக்கையில போட்டுட்டாங்க."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

நான்காம் நாள், பயணத்தின் முதல் துறைமுகம் வந்தது. கரையை அனுபவிக்க விரும்பியவர்களுக்காக மேல்தளத்தில் ஒரு லாரி மணலைக் கொட்டி, அதைச் சுற்றி நடக்கவைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கிரேன்காரம்மா அந்தப் பக்கம் போகாமல் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தே பழுத்த கண் அது. பாலத்தின் வழியாக இருபத்தாறு பேர் பெட்டியோடு ஏறினார்கள். பின்பக்கம் இரும்புக் கூண்டில் அடுக்கிய பெட்டிகளைக் கரையில் இருந்த கிரேன் ஒவ்வொரு கூண்டாகத் தூக்கி இறக்கியது. கரையில் ஆட்கள் வந்து பெட்டிகளை வாங்கிக்கொண்டு போனார்கள். மனிதர் என்று ஒருத்தரும் இறங்கவில்லை.

கம்பியில் வயிற்றை மடக்கி இன்னும் குனிந்தாள். கப்பலின் பக்கவாட்டில் ஆழம் காட்டுகிற எண்களை எழுதியிருப்பார்கள். அவள் ஏறிய அன்று தண்ணீருக்கு மேலே தெரிந்த எண்ணைக் காணவில்லை. அது முங்கிப் போயிருந்தது. இந்த வேலையில் அவளுக்குத் தெரிந்த உண்மை ஒன்றுதான்: ஏறியது இறங்காவிட்டால் கப்பல் தாழும்.

நேரே உற்சாக அதிகாரியிடம் போனாள்.

"எறங்கறவங்க யாரையும் காணோமேம்மா?"

"அதுதான் எங்க பெருமை!" என்றார் அதிகாரி. "திருப்தி இல்லாதவங்கதானே எறங்குவாங்க? ஏழு வருஷமா ஒருத்தர்கூட எறங்கல. எங்கள விட வாடிக்கையாளரத் திருப்திப்படுத்தற கம்பெனி எங்க இருக்கு சொல்லுங்க?"

"பெட்டி மட்டும் போகுதே?"

"அது குடும்பத்துலேருந்து கேக்கறாங்க. பெட்டியில சாவி இருக்கும், பத்திரம் இருக்கும், அவங்களுக்கும் வேலை நடக்கணுமில்ல? கேட்டா அனுப்பித்தான் ஆகணும். ஆள அனுப்புங்கன்னு கேட்டு இதுவரைக்கும் ஒரு கடிதாசி வரலம்மா. வந்தா கண்டிப்பா பரிசீலிப்போம். அதுக்குன்னு தனியா ஒரு குழுவே போட்டு வெச்சிருக்கோம். பாவம், அவங்களுக்கு வேலையே இல்ல."

இதை எந்தக் கபடமும் இல்லாமல் சொன்னார். வீட்டுச் சாவி அவளுடைய பெட்டியில், துணிகளுக்கு அடியில் ஒரு கைக்குட்டைக்குள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் இறங்க வேண்டும், தன் படியில் ஏறித் தன் கதவைத் திறக்க வேண்டும். உலகத்தில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று அப்போதுதான் தெரிந்தது. அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். பெட்டியை ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தார்கள். துணிகளை மடித்துக் கட்டில்மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். கைக்குட்டையும் சாவியும் அதில் இல்லை.

எட்டாம் நாள் காலை, எல்லாரையும் மேல்தளத்தைச் சுற்றி நடக்கவைக்கிற அணிநடையில் கடிகாரக்காரரின் முழங்கால் மக்கர் செய்தது. ஆறாவது சுற்றில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டை மஞ்சளாகி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலானது. பத்தாவது நிமிடம் தள மாற்ற விழா. லிஃப்ட் கதவில் ரிப்பன் கட்டி, அவர் கழுத்தில் ஒரு மாலையும் போட்டார்கள்.

"இவர் எங்களோட மிகச் சிறந்த பயணிகள்ல ஒருத்தர்" என்று அதிகாரி பேசினார். "நூத்து நாலு நாள்ல ஒரு குறைகூடச் சொன்னதில்ல. சொன்னதெல்லாம் நோய் அறிகுறின்னு நாங்க பதிவு பண்ணிட்டதால, குறைன்னு ஒண்ணுகூட இல்ல!"

கடிகாரக்காரர் நேரே கிரேன்காரம்மாவிடம் வந்தார். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"என் பொண்ணு வீட்டுல பதினெட்டுக் கடிகாரம் மாட்டியிருக்கு. எல்லாம் நான் ரிப்பேர் பண்ணினது. நூறு நாளைக்கு மேல ஆச்சு, ஒண்ணாவது நின்னிருக்காதா? நின்னா அப்பாவக் கூப்பிட்டுக் கேப்போம்னு தோணாதா?" என்றார். மணி அடித்தது. அவர் நிறுத்தவில்லை. சுவர்க் கடிகாரங்கள் எது எது எந்தெந்த அறையில் இருக்கிறது, எதற்கு எந்தக் கிழமை சாவி கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மணி விடாமல் அடித்தது. இரண்டு பேர் தோளில் கைபோட்டு, மிக மரியாதையாக, அவரை லிஃப்டுக்குள் திருப்பினார்கள்.

"அவர விடுங்க!" என்று அவள் கத்தினாள். முந்நூறு பேர் கைதட்டியதில் அது யாருக்கும் கேட்கவில்லை. எங்கிருந்தோ ஒரு கேமரா மட்டும் மின்னியது. மத்தியானம் பக்கத்து மேசையில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு நாள்தானே, ஓடிப்போய்விடும் என்று அவளிடம் சிரித்தபடி சொன்னார்.

பதினோராம் நாள் பேட்டி. அதிகாரி கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகணுமா?" என்று கேட்டார்.

"என்ன சொன்னா எறக்கி விடுவீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க, அதையே சொல்றேன்."

அதிகாரி பேனாவைக் கன்னத்தில் வைத்து நிஜமாகவே யோசித்தார். "அப்படி ஒரு பதில் இருக்கான்னு எங்களுக்கும் தெரியாதும்மா. யாராவது சொன்னாத்தானே தெரியும்? ஆனா நீங்க ஏன் பதட்டப்படறீங்க? உங்க மகன் எவ்வளவு சந்தோஷமா இருக்கார் பாருங்க." ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அம்மாவை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை என்று மகன் எழுதியிருந்தான். கூடவே அவன் பார்த்த படம். அதில் அவள் வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு, கையைத் தூக்கியபடி நின்றாள். லிஃப்டைப் பார்த்துக் கத்திய படம்.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மகன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. படத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறான், அவ்வளவுதான். அவன் நேரில் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். பெற்ற பிள்ளைக்குத் தாயின் முகத்தைப் படிக்கத் தெரியாமலா போய்விடும்? பெட்டியை வாங்க அவன் வருவான். அவன் கண்ணில் பட வேண்டும். ஆள் இறங்க வழியில்லாத கப்பலில் பெட்டி இறங்க வழி இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் காலை, கப்பல் அவள் வேலை பார்த்த துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்தது. மணிக்கட்டில் சோப்பைத் தேய்த்துப் பட்டையை உருவினாள். கொஞ்சம் தோலும் சேர்ந்து வந்தது. சலவை அறைக்குப் போய், குலுங்கி ஓடிக்கொண்டிருந்த ஒரு துணி மெஷினின் கைப்பிடியில் அதை மாட்டினாள். பட்டை உடனே பச்சையானது. பிறகு பின்தளத்துக்குப் போய்த் தன் பெட்டியைத் தேடிப் பிடித்து, அதில் தொங்கிய இரண்டு சீட்டுகளில் ஒன்றைப் பிய்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டு, கூண்டுக்குள் பெட்டிக்குப் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

பெட்டி அடுக்குகிறவன் அவளைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். எண் சரியாக இருந்தது. அடுத்த பெட்டியை எடுக்கப் போய்விட்டான்.

கூண்டு தரையை விட்டுக் கிளம்பும்போது ஒலிபெருக்கி அலறியது. "இன்றைய மாபெரும் சுறுசுறுப்பாளர், அறை எண் அறுநூற்றுப் பதினாலு! ஒரு மணி நேரத்தில் பதினோராயிரம் அடி! ஏழு வருடச் சாதனை முறியடிப்பு!" கப்பல் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. அவள் கம்பிகளுக்கு நடுவே மேலே பார்த்தாள். யாரோ அவளுடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். ஆட்டம் இல்லாமல், அவசரம் இல்லாமல் தூக்கினார்கள். நல்ல கை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். காற்று முகத்தில் அடித்தது. பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

கரையில் ரசீதை வைத்துக்கொண்டு மகன் நின்றான். கூண்டைத் திறந்ததும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா! நீ எப்படி இங்க?"

"எறங்கிட்டேன்டா." அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முழங்கால் மரத்துப் போயிருந்தது, இருந்தாலும் நின்றாள். "வா, வீட்டுக்குப் போகலாம். எல்லாத்தையும் போற வழியில சொல்றேன்."

"எந்த வீட்டுக்கு?"

"எந்த வீடா? என் வீட்டுக்குத்தான்."

மகன் பெட்டியைப் பார்த்தான். "சாவி இதுலதானேம்மா இருக்கு. அதுக்குத்தான் வந்தேன். நாளைக்கு அங்க ஆளு குடி வர்றாங்க. சின்னக் குழந்த வேற இருக்கு அவங்களுக்கு, நான் வாக்குக் குடுத்துட்டேன். நீதான் அங்க நல்லா இருக்கியேன்னு..."

"யாருடா சொன்னது நல்லா இருக்கேன்னு? என் மூஞ்சியப் பாரு."

அவன் பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான். அதற்குள் உற்சாக அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தார். கையில் கோப்பு, முகத்தில் அதே சிரிப்பு.

"சார், வாழ்த்துகள்! உங்க அம்மா இன்னைக்குச் சாதனையே பண்ணிட்டாங்க. ஒரு மணி நேரத்துல பதினோராயிரம் அடி!"

"நிஜமாவா? பாத்தியாம்மா!" மகனுக்கு உண்மையிலேயே பெருமை தாங்கவில்லை.

"டேய், அது துணி தொவைக்கற மெஷின்டா."

அதிகாரி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மகனைப் பார்த்துத் தணிந்த குரலில், "இப்படித்தான் சார் ஆரம்பிக்கும்" என்றார்.

மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மெஷின்னு சொல்றியேம்மா" என்றான்.

"பட்டையக் கழட்டி மெஷின்ல மாட்டினது நான்தான்டா. கீழ ஒரு தளம் இருக்கு, ஆளுங்கள அங்க கொண்டு போயிடறாங்க. கடிகாரக்காரர் ஒருத்தர் இருந்தார்..."

"தனியாப் போற பயணத்துல பழகின ஆளுங்களப் பத்திச் சொல்றாங்க, கவனிச்சீங்களா?" என்றார் அதிகாரி. கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார். "தப்பா எறக்கினதுக்கு நாங்க மன்னிப்புக் கேட்டுக்கறோம். பெட்டிக்கு அங்க ஒரு கையெழுத்து. திரும்ப ஏத்தறதுக்கு இங்க ஒண்ணு. உங்களுக்குக் கட்டாயமில்ல சார். உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னாலும் தாராளமா போகலாம். அதுக்கும் ஒரு தாள் இருக்கு, ஆபீஸ்ல தேடிப் பாக்கணும். இதுவரைக்கும் யாரும் கேக்கல."

தூரத்தில் காரில் மருமகள் இருந்தாள். கண்ணாடியை இறக்கி இந்தப் பக்கம் பார்த்தாள். மறுபடி ஏற்றிக்கொண்டாள். மகன் காரைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பிறகு தாளைப் பெட்டிமேல் வைத்துக் குனிந்தான்.

அவள் அவன் தோளைத் தொட்டாள். அந்த நிமிடத்திலும் அவளுக்கு நம்பிக்கை போகவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் போட மாட்டான்.

"படிச்சுப் பாத்துப் போடுப்பா" என்றாள்.

"படிச்சுட்டேம்மா" என்றான் மகன், பேனாவை மூடிக்கொண்டே.